அப்பாருவின் ஹெரால்டுக்கு ஒரிஜினல் பார்ட்ஸ் எங்கே தேடுவது?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கோபிச்செட்டிபாளையம் பக்கம் உங்கள் தோட்டத்து வீட்டில், மாடு கட்டும் கட்டுத்தரையை ஒட்டிய கொட்டகையில், அப்பாருவின் 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3 கார் இருபத்தைந்து வருஷமாக நிற்கிறது. அதை அவர் ஓட்டிய மாதிரியே திரும்ப எழுப்ப வேண்டும். ஒரிஜினல் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும், கிடைத்தது ஒரிஜினல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளூர் மெக்கானிக் ஒருவர் மாருதி வேன் எஞ்சினைத் தூக்கி வைத்தால் பத்து நாளில் வண்டி ஓடும் என்கிறாரே, கேட்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்காக 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர், புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேஸி, பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. அந்த நம்பரில் தினமும் சந்தைக்குப் போய்வர முடியாது. கண்காட்சி, ரேலி, பழுது பார்ப்பது, பெட்ரோல் போடுவது என்ற அளவோடு சரி. அதனால் அந்த வழிக்குப் போவதா, இருக்கும் ஆர்.சி.யையே புதுப்பிப்பதா என்பதை வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் மாருதி எஞ்சின் ஏறிவிட்டால் யோசிக்க ஒன்றுமே மிஞ்சாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் கோவையில் முப்பது வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவன். சொந்தமாக ஒரு ஹெரால்டும் இரண்டு பியட்டும் எழுப்பியிருக்கிறேன், மற்றவர்களின் வண்டிகளுக்குக் கடைந்து கொடுத்ததற்குக் கணக்கில்லை. அதில் தெரிந்துகொண்டது, உங்களுக்கு வேண்டிய ஒரிஜினல் பார்ட்ஸில் முக்கால்வாசி இப்போதே உங்கள் கொட்டகையில் இருக்கிறது. அது காணாமல் போவது நாம் 'வேலையை ஆரம்பிக்கலாம்' என்று வண்டியைப் பிரிக்கிற முதல் வாரத்தில்தான்.

'ஒரிஜினல்' என்கிற சொல்லையே நம் ஊரில் மூன்று விதமாகப் புழங்குகிறோம். வண்டியோடு பிறந்தது ஒன்று. அதே கம்பெனி பிற்பாடு ஸ்பேராக விற்று, பெட்டியோடு எங்கோ பரணில் கிடப்பது இன்னொன்று. அளவும் உலோகமும் சரியாக வைத்து இன்றைக்கு யாரோ புதிதாகச் செய்வது மூன்றாவது. கடைக்காரர் மூன்றையும் ஒரே வாயால் 'ஒரிஜினலுங்க' என்பார். எந்த இடத்துக்கு எது போதும் என்று தீர்மானிக்க வேண்டியது நீங்கள். கதவுக் கைப்பிடிக்கு முதல் வகை வேண்டும். டைனமோவுக்கு இரண்டாவது தாராளமாகப் போதும். பிரேக் ரப்பருக்கு மூன்றாவதைத் தவிர வேறெதையும் கையால் தொடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் வண்டியின் பூர்வீகம் தெரிய வேண்டும். இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டைத்தான் இங்கே சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்காரர்கள் 1961 முதல் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்று செய்தார்கள். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உடம்பு. அங்கே எஞ்சின் பிறகு 1147 சிசி, 1296 சிசி என்று வளர்ந்தது. நம் ஊர் வண்டி 948 சிசியோடே நின்றுவிட்டது. போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 63 மில்லி; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 76 மில்லி. அந்த எஞ்சின் ஹெரால்டுக்கென்று பிறந்ததும் இல்லை, அதற்கு முந்தைய ஸ்டாண்டர்ட் டென்னிலேயே இருந்தது. ஆக, எஞ்சின் சாமான் தேடும்போது 'ஹெரால்டு இருக்குதுங்களா' என்று மட்டும் கேட்டால் பாதிக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பது போல. ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட் என்ற பெயர்களையும் சேர்த்துக் கேளுங்கள். இங்கிலாந்தில் தேடினால் 'ட்ரையம்ப் ஹெரால்டு 948' என்று எண்ணோடு தேட வேண்டும். எண்ணைச் சொல்லாமல் வாங்கினால் 1147-இன் பிஸ்டன் வந்து நிற்கும். அதன் போர் 69.3 மில்லி. அதை நம் பிளாக்கில் நுழைக்க ஆண்டவனால்கூட முடியாது.

நல்ல சேதி, அந்த ஊரில் ஹெரால்டைக் கொண்டாடுகிறவர்கள் இன்றும் ஏராளம். அதன் சேஸியின் மேல்தான் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் வண்டியையும் வளர்த்து 1980 வரைக்கும் செய்தார்கள். அதனால் முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் சாமான்கள் பலவும் இன்றைக்கும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். கப்பல் கூலியும் சுங்கமும் கடிக்கும், ஆனால் கிடைக்கும்.

கெட்ட சேதி, உங்களுடையது மார்க் 3. 1968-இல் வந்த அந்த நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் நம் நாட்டில் மட்டும்தான் செய்யப்பட்டது. இங்கிலாந்து வண்டி எல்லாம் இரண்டு கதவு, நீளமான கதவு. அந்தக் கதவையோ, அதன் கண்ணாடியையோ, ஓரத்து ரப்பர் பீடிங்கையோ அங்கிருந்து தருவித்துப் பிரயோஜனமில்லை. பின் கதவுக்கு அங்கே ஆளே கிடையாது. ஆக உங்கள் வேட்டைக்கான வரைபடம் இப்படி: ஓடுகிற சாமானுக்கு இங்கிலாந்து வரைக்கும் கை நீளும். உடம்புச் சாமானுக்கு இந்த நாட்டுக்குள்ளேயே, அதிலும் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அலைய வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் இதன் தம்பி. எங்காவது ஒரு கெஸல் செடி முளைத்துக் கிடந்தால் விடாதீர்கள், டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். ஆனால் அதன் பின் ஆக்சில் வேறு ஜாதி. அதைக் கழற்றிக்கொண்டு வந்து இதில் மாட்டப் பார்க்காதீர்கள்.

இப்போது பிரிப்பது. நம் டிங்கர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழைய பீடிங்கை உருவி மூலையில் எறிவார்கள், துருப்பிடித்த கிளிப்பைப் பெருக்கித் தள்ளுவார்கள். அந்தக் கிளிப்தான் நாளைக்கு உங்களுக்குக் கிடைக்காமல் உயிரை வாங்கும் சாமான். ஆகவே வண்டியில் ஆள் கை வைப்பதற்கு முன்னால் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செல்போனில் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு போல்ட்டும் எந்தப் பக்கமிருந்து நுழைந்திருக்கிறது, எந்த வாஷர் முன்னால், எது பின்னால் என்று தெரிய வேண்டும். ஜிப் கவரில் போட்டு ஒட்டுத்தாளில் எழுதி வையுங்கள். 'இடது பின் கதவு, மேல் கீல்' என்று தமிழில் எழுதினால் போதும், உங்களுக்குத்தானே புரிய வேண்டும். செத்துப்போன பீடிங் ஒவ்வொன்றிலும் ஒரு அங்குலம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பீடிங் கடைக்காரரிடம் ஹெரால்டு என்றால் அவருக்குப் புரியாது. வெட்டுமுகத்தைக் காட்டினால் பஸ் பாடிக்கு வருகிற சுருளில் அதே வடிவத்தைத் தேடி எடுத்துத் தருவார். கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டுகிற ஊரில் இதற்கென்றே கடைகள் உண்டு. என் வண்டியின் டிக்கி பீடிங் அப்படி வந்ததுதான்.

கொட்டகை கட்டுத்தரையை ஒட்டியது என்றீர்கள், அதனால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. மாட்டு மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா பித்தளைக்கு ஆகாது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறை மழைக்காலத்தில் தானாக வெடிப்பு விட்டது. உலோகவியல் பாடத்தில் இன்றைக்கும் சொல்லும் உதாரணம் அது. உங்கள் ரேடியேட்டரின் மேல் தொட்டி பித்தளை. சாணி பூசிய சுவருக்குப் பக்கத்தில் 25 வருஷம். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

அடுத்து நான் பட்ட அடி. இதைக் கேட்டால் உங்களுக்கு ஒரு வருஷம் மிச்சமாகும். என் ஹெரால்டின் கதவுக் கைப்பிடிகள் நான்கும் குரோம் மங்கிப் புள்ளி புள்ளியாக இருந்தன. ஒரு பிளேட்டிங் பட்டறையில் கொடுத்தேன். அது துத்தநாகக் கலவையில் வார்த்தது. நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இரும்பு என்று நினைத்துப் பழைய குரோமை எடுக்க ஆசிட்டில் முக்கிவிட்டார்கள். மாலையில் போனால் என் கையில் கொடுத்தது கைப்பிடி அல்ல, எலி கடித்த தேங்காய்க் கீற்று. மூன்று போயிற்று, ஒன்று அரைகுறையாகத் தப்பியது. பிளேட்டிங்குக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சாமானிலும் முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல், கையில் கனமாக, ஒரு மூலையில் சுரண்டினால் மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால் அது துத்தநாகம். அதை ஆசிட் இல்லாமல் சுத்தம் செய்து, செம்பு, நிக்கல், குரோம் என்று வரிசையாக ஏற்றத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

தப்பிய ஒற்றைக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு பவுண்டரிக்குப் போனேன். கோவையில் பிறந்ததற்கு இது ஒரு கொடுப்பினை. பம்ப்செட்டும் மில் சாமானும் வார்த்து வார்த்துப் பழகிய ஊர், எதைக் காட்டினாலும் 'ஆகுமுங்க' என்பார்கள். ஆபத்தும் அங்கேதான். பழைய சாமானையே பேட்டர்னாக வைத்து மணலில் அச்செடுத்தால் வார்ப்பு சின்னதாக வரும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குகிறது. வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1 சதவீதம், அலுமினியம் அதைவிடக் கொஞ்சம் கூட, பித்தளை 1.5 சதவீதம். 100 மில்லி நீளக் கைப்பிடி 98.5 மில்லியாக வந்து நிற்கும். பார்வைக்குத் தெரியாது. கதவில் வைத்தால் இரண்டு ஓட்டைக்கும் நடுவே ஒன்றரை மில்லி இடிக்கும். ஓட்டையை ராவி மாட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். நல்ல பேட்டர்ன்காரர் முதலில் பெரிதாக ஒரு பேட்டர்ன் செதுக்குவார், அல்லது பழைய சாமானின் மேல் மெழுகு பூசிக் கூட்டுவார். எனக்குப் பித்தளையில் வார்த்துத் தந்தார்கள். துத்தநாகத்தைவிட அது எவ்வளவோ உறுதி. குரோம் ஏற்றிய பிறகு எது பிறந்தது, எது வார்த்தது என்று எனக்கே ஒரு நிமிஷம் ஆகிறது கண்டுபிடிக்க. இது ஒரிஜினலா என்று கேட்டால், இல்லை. சரியான பார்ட்டா என்றால், ஆமாம். ஒன்று மட்டும் செய்தேன். வார்த்தவற்றின் உள்பக்கம் வருஷத்தைப் பொறித்துவிட்டேன். நாளைக்கு வேறொருவர் கைக்கு வண்டி போனால் அவரை ஏமாற்றக் கூடாதல்லவா.

கடைகளுக்கு வருவோம். கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் அம்பாசடரும் பியட்டும்தான் அதிகம் கண்ணில் படும், ஹெரால்டு அபூர்வம். ஆனாலும் போங்கள். லூக்காஸ்-டிவிஎஸ் சாமான்களைப் பல வண்டிக்காரர்களும் பொதுவாகப் பயன்படுத்தினார்கள். டைனமோ, செல்ப் மோட்டார், டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட், ஹாரன், வைப்பர் மோட்டார் இதெல்லாம் வேறு வண்டியிலிருந்தும் தேறும். 7 அங்குல ஹெட்லைட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். பழைய வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த சென்னைப் புதுப்பேட்டைக்கு ஒரு தரம் கட்டாயம் போய்வர வேண்டும். அந்த வண்டி பிறந்த ஊர் அது. காலையில் கடை திறக்கும் நேரத்துக்குப் போய், உடைந்த பழைய சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். போட்டோ காட்டினால் தலையை ஆட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். சாமானைக் காட்டினால் பாய் அதை வாங்கித் திருப்பிப் பார்ப்பார், பையனை மாடிக்கு அனுப்புவார். ஒரு டீ குடிக்கும் நேரம் பொறுமையாக இருங்கள்.

இரண்டையும்விட எனக்கு அதிகம் தந்தது மூடிப்போன கடைகள். ஈரோடு, கரூர், திருப்பூர், பொள்ளாச்சி என்று எந்த ஊரிலும் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு காலத்தில் ஸ்பேர் கடை வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். பெரியவர் போயிருப்பார், மகன் வேறு தொழிலுக்குப் போயிருப்பார், பரணில் சரக்கு அப்படியே கிடக்கும். கரூரில் ஒரு வீட்டில் பின் விளக்குக் கண்ணாடி ஜோடியாகக் கிடைத்தது, 1960-களின் செய்தித்தாளில் சுற்றியபடி. அந்த அம்மா காசே வாங்கமாட்டேன் என்றார்கள். மாமனார் வைத்த சாமான் வண்டியில் ஏறினால் போதும் என்றார்கள். ஓய்வு பெற்ற மெக்கானிக்குகளை விசாரித்துப் போனாலும் இப்படித்தான். அவர்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும், அதில் கார்புரேட்டர் ஜெட்டும் ஊசியும் இருக்கும்.

பரண் சரக்கிலும் டூப்ளிகேட் உண்டு. அந்தக் காலத்திலேயே பெட்டியைக் காப்பியடித்தவர்கள் நம்மவர்கள். பெட்டியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது, பின்கோடு வந்ததே அப்போதுதான். 'மெட்ராஸ்' என்று இல்லாமல் 'சென்னை' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் 1996-க்குப் பிறகு. பிந்தைய பெட்டி என்றால் சாமான் மோசம் என்று அர்த்தமில்லை, '1968 சரக்குங்க' என்று சொல்லி விற்கிறவர் பொய் சொல்கிறார் என்றுதான் அர்த்தம்.

பெட்டியைவிடச் சாமான் பேசும். லூக்காஸ் சாமானில் ஐந்து இலக்க எண்ணும் தயாரித்த தேதியும் உடம்பிலேயே குத்தியிருக்கும். டெல்கோ, அதாவது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், வாங்கும்போது இது முக்கியம். 25டி என்ற ஒரே உடம்பைப் பல வண்டிக்குக் கொடுத்தார்கள். வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். உள்ளே ஸ்பிரிங்கும் எடையும் வேறு, அதனால் வேகம் கூடக்கூடத் தீப்பொறியின் டைமிங் முன்னேறுகிற அளவும் வேறு. அந்த ஐந்து இலக்க எண்தான் அதைச் சொல்லும். மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடவும் ஓடும், மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போதுதான் கட்டை போட்டு இழுக்கும். உங்கள் வண்டியில் இப்போதிருக்கும் டெல்கோவின் எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துச் சாமான் என்றால் அங்குள்ள கம்பெனியின் ஸ்பேர் பிராண்ட் 'ஸ்டான்பார்ட்'. அங்கே ஆர்டர் போட பார்ட் நம்பர் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது உத்தமம். ஸ்பீடோமீட்டரிலும் இதே கதைதான். டயலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும், எத்தனை சுற்றுக்கு ஒரு மைல் அல்லது ஒரு கிலோமீட்டர் என்று. அது பொருந்தாவிட்டால் முள் பொய் சொல்லும்.

எஞ்சின் உள்சாமான் நம் ஊர்க்காரருக்குச் சுலபம். கிராங்கைப் பிரித்ததும் பழைய பேரிங்கின் முதுகைப் பாருங்கள். '010', '020' என்று குத்தியிருந்தால் ஏற்கெனவே அத்தனை தூரம் கடைந்திருக்கிறார்கள் என்று பொருள், அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, 20 பங்கு. பிஸ்டன் முகப்பிலும் அப்படியே. எண்ணைப் பார்க்காமல் 'ஸ்டாண்டர்ட் சைஸ்' வாங்கி வந்து அவஸ்தைப்படாதீர்கள். போர் கடைசி அளவையும் தாண்டியிருந்தால் பிளாக்குக்கு ஸ்லீவ் போட்டு மறுபடி 63 மில்லிக்குக் கொண்டுவரலாம். கோவையில் இது தினசரி வேலை.

ஒன்றைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டுங்கள்: இந்த வண்டியில் மில்லி போல்ட் கிடையாது. மரை எல்லாம் அங்குலக் கணக்கு, பெரும்பாலும் யுஎன்எப் என்ற நெருக்கமான மரை. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லி. நம் கடையில் கிடைக்கும் 8 மில்லி போல்ட் இரண்டு சுற்று கையாலேயே ஏறும், அப்புறம் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் ஏறிக்கொண்டே போகும், 'சரியாத்தானே இருக்குது' என்று தோன்றும். மரை அங்கேயே செத்தது. 25 வருஷத்துக்கு முன் வண்டியைப் பார்த்த மெக்கானிக் யாராவது இப்படிச் சில இடத்தில் செய்தும் இருப்பார். லூக்காஸ் சாமானுக்குள் இருக்கும் பொடி ஸ்குரூ வேறு கணக்கு, பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் மரை. அவற்றைத் தொலைக்கவே கூடாது.

இனி உயிர் சம்பந்தப்பட்டது. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. கம்பெனி சொன்னது அதற்கு 90 நம்பர் கியர் ஆயில். நம் ஊரில் முனையைப் பார்த்ததும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே கெட்டியாகி, மரையின் அடிவரை போகாமல், தண்ணீர் தங்கி, இரும்புத் தண்டு உள்ளுக்குள்ளேயே துருவேறும். ஒரு நாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் படுத்துக்கொள்ளும். இதைக் கடைந்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள், லேத்காரன் நானே சொல்கிறேன். பித்தளையில் கடைந்து போட்ட ஒரு டிரன்னியனை நான் பார்த்திருக்கிறேன், ஒரே வருஷத்தில் மரை வழித்துவிட்டது. தண்டும் டிரன்னியனும் இரண்டு பக்கமும் புதிதாக இங்கிலாந்திலிருந்து வரட்டும். செலவைக் குறைக்க வேண்டுமானால் சீட்டுத் துணியில் குறையுங்கள்.

ஒரிஜினல் ஆகாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். பெட்டி பிரிக்காத பழைய பிரேக் ரப்பர் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். ரப்பர் பெட்டிக்குள்ளும் கிழடாகிறது. 50 வயது ரப்பரை நம்பி பிரேக் பிடிக்கக் கூடாது. ஹோஸ், ரேடியேட்டர் பைப், வீல் சிலிண்டர் கிட் எல்லாம் புதிதாகச் செய்ததே வேண்டும். டெல்கோவில் இருக்கும் கண்டன்சரும் அப்படித்தான், பழையது மாட்டிய இருபதாவது கிலோமீட்டரில் கைவிடும். பெட்ரோல் பம்ப் டயாப்ரம் அந்தக் காலப் பெட்ரோலுக்குச் செய்தது. இன்றைக்குப் பெட்ரோல் பங்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஊறி, நொய்ந்து போகும். எத்தனாலைத் தாங்கும் டயாப்ரமும் டியூபும் கேட்டு வாங்குங்கள். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, 2000-இல் எடுத்துவிட்டார்கள். அந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்தைக் காத்துக்கொண்டிருந்தது. ஹெட் எப்படியும் பட்டறைக்குப் போகும். அப்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கெட்டி சீட் அடித்துவிடச் சொல்லுங்கள். வெளியே தெரியாது. டயர் அந்தக் காலத்து 5.20-13 அளவைத் தேடி அலைய வேண்டாம், 13 அங்குலத்தில் 145/80 ரேடியல் போதும். பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அச்சு என்பதால் திருப்பத்தில் சடாரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக் அடிக்கக் கூடாது என்பதை மட்டும் ஓட்டுகிறவர் தெரிந்துகொள்ளட்டும்.

நிறத்துக்குப் பெரிதாகத் தேட வேண்டியதில்லை. கதவுக்குள் அட்டையைக் கழற்றினால் அப்பாரு வாங்கிய நாளின் நிறம் வெயில் படாமல் இருக்கும். அதை வைத்து மிஷினில் கலக்கிக்கொள்ளலாம்.

வரிசை என்று பார்த்தால் முதலில் பிரேக், பிறகு டிரன்னியன், அப்புறம்தான் எஞ்சின். குரோமும் பெயின்டும் கடைசி. ஆனால் பின் கதவுச் சாமான் வேட்டையை மட்டும் இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள், அது உங்கள் வசதிக்குக் கிடைக்காது, அதன் வசதிக்குத்தான் கிடைக்கும். நான்கு கைப்பிடியையும் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை தேறும் என்று எழுதுங்கள். ஆசிட்டில் தப்பிய என் ஒற்றைக் கைப்பிடியும் அதற்குச் செதுக்கிய மர பேட்டர்னும் இன்னும் என்னிடம் இருக்கிறது. மரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மட்டும் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.